பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடுமுன்

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது குறித்துத் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, இனி புதுக் கணினி வாங்குவதுதான் வழி என்ற தொனியில் முடிந்திருந்தது. பல சர்வீஸ் கடைகளிலும் இதையேதான் சொல்லி அனுப்புகிறார்கள். எல்லாக் கணினிக்கும் இது பொருந்தாது என்பதால் இந்தக் கடிதம்.

ஆதரவு நின்றதால் கணினி மறுநாள் காலை ஓடாமல் போகவில்லை. முக்கியமாக நின்றது, மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தங்கள்தான். விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பு மென்பொருளான டிஃபெண்டருக்கான வைரஸ் அடையாளப் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்டே அறிவித்திருக்கிறது. ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. இயங்குதளத்தின் அடிப்பகுதியில் புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், வைரஸ் பட்டியலால் அதை அடைக்க முடியாது. நெட்பேங்கிங் செய்யும் கணினியைத் திருத்தமில்லாமல் வருடக்கணக்கில் ஓட்டுவது ஆபத்து.

வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தம் பெறும் திட்டம் ஒன்று உண்டு. இது நம் ஊரில் பலருக்குத் தெரியவில்லை. செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தைத் திறந்தால், சேர்வதற்கான இணைப்பு அங்கேயே இருக்கும். கணினி அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 30 டாலர் அல்லது அதற்கு ஈடான உள்ளூர்த் தொகை. ஒரே உரிமத்தைப் பத்துக் கணினி வரை பயன்படுத்தலாம். எந்த வழியில் சேர்ந்தாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கு கட்டாயம். இணைப்பே தெரியவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் பதிப்பு பழையதாக இருப்பதுதான். விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2-வுக்கு வந்து, நிலுவையில் உள்ள அப்டேட்களை எல்லாம் போட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் தோன்றும். அலுவலக டொமைனில் (நிறுவனமே நிர்வகிக்கும் வலையமைப்பில்) இணைந்த கணினிகளுக்கு இந்த வழி கிடையாது.

அடுத்தது விண்டோஸ் 11. அதற்குக் கணினி தகுதியானதா என்பதை இன்டெல் சில்லுகளில் (பிராசசர்களில்) பெயரைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. பொதுவாக எட்டிலிருந்துதான் அனுமதி. ஏஎம்டியில் எண்ணை மட்டும் வைத்துக் கணக்குப் போட முடியாது. ரைசன் 5 2600 பட்டியலில் இருக்கிறது, லேப்டாப்பில் வரும் ரைசன் 5 2500யு இல்லை. எனவே மைக்ரோசாஃப்டின் பட்டியலில் பெயரைத் தேடிப் பார்ப்பதே சரி.

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். சில்லு தகுதியானதாக இருந்தும், 'டிபிஎம் இல்லை' என்று கணினி காட்டினால் உடனே நம்பிவிட வேண்டாம். பெரும்பாலும் அது உள்ளேயே இருக்கும். கணினியை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை நிரலான பயாஸில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அசெம்பிள் செய்த மேசைக் கணினிகளில் இது வெகு சாதாரணம். இன்டெல் போர்டுகளில் பிடிடி என்றும் ஏஎம்டி போர்டுகளில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். அதை இயக்கினால் போதும். பயாஸில் கை வைக்கும் முன், டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் வசதி செயல்பாட்டில் இருக்கிறதா என்று பார்த்து, அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மறந்தால் அடுத்த முறை ஆன் செய்யும்போது 48 இலக்க எண்ணைக் கேட்டு நிற்கும்.

இன்னொரு முட்டுக்கட்டை டிஸ்க் பிரிப்பு முறை. விண்டோஸ் 11-க்கு, லெகசி எனப்படும் பழைய பயாஸ் பூட் முறைக்குப் பதில் யுஇஎஃப்ஐ என்ற புதிய முறை தேவை. அதற்கு, பழைய எம்பிஆர் முறையில் பிரித்த டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்ற வேண்டும். விண்டோஸிலேயே இதற்கான எம்பிஆர்2ஜிபிடி கருவி இருக்கிறது. தகவல் அழியாமல் மாற்றித் தரும். ஆனால் மூன்றுக்கு மேற்பட்ட பிரைமரி பிரிவுகளோ, எக்ஸ்டெண்டட் பிரிவுக்குள் லாஜிக்கல் பிரிவுகளோ இருந்தால் அது மறுத்துவிடும். சி, டி, இ, எஃப் என்று நான்காக வெட்டித் தருவது நம் ஊர்க் கடைகளின் பழக்கம் ஆயிற்றே! அப்படியிருந்தால் கடைசிப் பிரிவுகளில் உள்ளதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, அவற்றை நீக்கிவிட்டு, முதலில் சரிபார்க்கும் கட்டளையையும் பிறகு மாற்றும் கட்டளையையும் கொடுக்க வேண்டும். மாற்றி முடித்ததும் பயாஸில் லெகசியை யுஇஎஃப்ஐ ஆக்க மறந்தால் கணினி பூட் ஆகாது. கடைக்காரர் 'டிஸ்க் போச்சு' என்று சொல்லும் கேஸ்களில் இதுவும் ஒன்று.

தகுதியில்லாத கணினியில் ரூஃபஸ் மென்பொருளைக் கொண்டு தகுதிச் சோதனையைத் தாண்டி விண்டோஸ் 11 போட்டுத் தருகிறார்கள். போடலாம், ஓடும். ஆனால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பைக் கையால்தான் ஏற்ற வேண்டியிருக்கும். அதைவிட மோசம், ஆக்டிவேட் செய்வதற்கென்று டிஃபெண்டரை அணைத்துவிட்டு உரிமத்தைத் திருட்டுத்தனமாகத் திறக்கும் ஒரு கிராக் நிரலை ஓட்டுவது. காலாவதியான விண்டோஸை விட அது பெரிய ஓட்டை. திருட்டு விண்டோஸ் 11-ஐ விட இலவச இயங்குதளமான லினக்ஸை முறையாகப் போடுவது எவ்வளவோ மேல் என்பது என் உறுதியான கருத்து.

லினக்ஸ் என்றதும் கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவது என்று பயப்படுகிறவர்கள் இன்னமும் உண்டு. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் 22 வரிசையின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு ஸ்டார்ட் மெனு, டாஸ்க்பார் எல்லாம் பழகிய இடத்திலேயே வைத்திருக்கிறது. 2029 ஏப்ரல் வரை திருத்தங்கள் வரும். குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம் என்கிறார்கள். 4 ஜிபி இருந்தால்தான் பிரவுசரில் நாலு பக்கம் திறக்க முடியும். 8 ஜிபி பென் டிரைவில் வென்டாய் (பென் டிரைவிலிருந்து பூட் செய்ய உதவும் மென்பொருள்) போட்டு, மின்டின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை அப்படியே நகலெடுத்து வைத்தால் போதும். டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9 அழுத்தினால் பூட் பட்டியல் வரும். ஏசரில் எஃப்12 வேலை செய்யவில்லை என்றால், எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அந்தப் பட்டியலை முதலில் இயக்க வேண்டும். நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து ஓட்டி வைஃபை, ஒலி, கேமரா, பிரிண்டர் நான்கையும் சோதித்துவிட்டுப் பிறகு முடிவெடுக்கலாம். பிராட்காம் வைஃபை உள்ள லேப்டாப்பில் முதலில் நெட் வராமல் போகலாம். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் கொடுத்து, டிரைவர் மேனேஜரைத் திறந்தால் வேண்டியதை அதுவே எடுத்துக்கொள்ளும். தமிழ் 99 விசைப்பலகை, ஐபஸ் என்ற தட்டச்சு உதவி மென்பொருள் வழியாக வருகிறது.

தமிழக அரசின் விலையில்லா லேப்டாப்கள் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய அந்தத் திட்டத்தின் ஆரம்ப கால லேப்டாப்கள் 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்று வந்தன. லினக்ஸோடுதான் அவை வீட்டுக்கு வந்தன. கடைக்குப் போய்த் திரும்பியபோது பல லேப்டாப்களில் அது இல்லை. ஸ்டார்ட்டர் பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வந்தது. அதைப் பார்த்துவிட்டு, சில்லே 32 பிட் என்று முடிவு கட்டி, '32 பிட் லினக்ஸ் இப்போது கிடைப்பதில்லை' என ஓரங்கட்டுகிறார்கள். சில்லின் பெயரைத் தேடிப் பார்த்தால் 64 பிட் என்றிருக்க வாய்ப்பு அதிகம். மின்ட் அதில் ஏறும்.

எந்த இயங்குதளம் போட்டாலும், சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும்வரை கணினி ஊர்ந்துதான் போகும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறதென்றால் குற்றவாளி சில்லு அல்ல. அதற்குப் பதிலாக, சுழலும் பாகம் இல்லாத 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போதும். பழைய லேப்டாப்பின் டிஸ்க் 9.5 மில்லிமீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. இடைவெளியை நிரப்பும் பிளாஸ்டிக் சட்டம் வைக்காவிட்டால் கனெக்டர் ஆடும், நடுவில் டிஸ்க் காணாமல் போகும். எம்.2 என்ற சிறிய பட்டை வடிவ எஸ்எஸ்டி செருகும் இடம் உள்ள லேப்டாப்பில் சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று பார்த்து வாங்க வேண்டும். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் சில போர்டுகள் ஒன்றை மட்டுமே ஏற்கும். ரேமில் இன்டெல் நான்காம், ஐந்தாம் தலைமுறை லேப்டாப்கள் பெரும்பாலும் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் கேட்பவை. மலிவாகக் கிடைக்கிறதென்று 1.5 வோல்ட் ரேமைச் செருகினால் திரை வராமல் கறுப்பாகவே நிற்கும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலையும் எஸ்எஸ்டி விலையும் ஏறியிருக்கின்றன. ஆனால் அதே ஏற்றம் புதுக் கணினியின் விலையிலும்தான் ஏறுகிறது.

லினக்ஸ் எல்லோருக்கும் பொருந்தாது. டேலி கணக்கு மென்பொருள் ஓட்டும் அலுவலகமும் ஆதார் கைரேகைக் கருவி வைத்திருக்கும் சேவை மையமும் விண்டோஸை விட முடியாது. கைரேகைக் கருவிகளுக்கான சேவை மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸையும் ஆண்ட்ராய்டையும் நம்பியே வருகிறது. டிஜிட்டல் கையொப்ப டோக்கன்களுக்கு லினக்ஸ் டிரைவர் இருந்தாலும், அரசுத் தளங்கள் கேட்கும் துணை நிரலோடு சேரும்போது தகராறு செய்யும். ஜெராக்ஸ் கடைகளில் எங்கும் காணும் கேனன் எல்பிபி2900 பிரிண்டர் லினக்ஸில் தலைவலி. எச்பி லேசர்ஜெட் 1020 அப்படியில்லை. எச்பிலிப் என்ற எச்பியின் லினக்ஸ் பிரிண்டர் மென்பொருளுக்கான தனி பிளக்இன்னை ஒருமுறை நிறுவிவிட்டால் ஓடும். நிறுவாவிட்டால் கட்டளையை வாங்கிக்கொண்டு சும்மா இருக்கும், ஏனென்றால் அந்த பிரிண்டருக்கு ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் ஃபர்ம்வேரை (அதன் உள் இயக்க நிரலை) கணினியே அனுப்ப வேண்டும்.

கடிதம், கணக்குத் தாள், நெட் என்று மட்டும் பயன்படுத்தும் வீடுகளுக்கு இந்தச் சிக்கல் எதுவும் இல்லை. பிளஸ் ஒன் கணினிப் பாடத்தில் ஓப்பன் ஆபீஸ் படித்த பிள்ளைகளுக்கு லினக்ஸில் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் அந்நியமாகத் தெரியாது. பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக்களும் வைத்துக் கல்யாணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி மையங்கள், அந்தக் கணினியை மாற்றவே வேண்டாம்; நெட் கேபிளைக் கழற்றிவிட்டால் போதும். கோப்பு கொண்டுவரும் பென் டிரைவை இன்னொரு கணினியில் சோதித்துவிட்டுச் செருகட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் கழித்துக்கட்ட வேண்டிய லேப்டாப்கள் இருக்கத்தான் செய்யும். டச்பேட் மேலெழும்பியோ அடிமூடி பிதுங்கியோ இருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. சார்ஜ் போடுவதை அன்றே நிறுத்த வேண்டும்; உப்பிய பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. எடைக்குப் போடும் கடையில் தள்ளிவிடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மையத்தில் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கொடுக்குமுன் டிஸ்க்கைக் கழற்றிக்கொள்ளலாம். கழற்ற மனமில்லாதவர்கள் க்விக் ஃபார்மட்டோடு நிறுத்தினால், மீட்பு மென்பொருளைக் கொண்டு எவரும் ஆதார் நகலையும் பாஸ்புக் படத்தையும் எடுத்துவிடலாம். ஹார்ட் டிஸ்க்கை ஒருமுறை முழுக்க மேலெழுதினாலே போதும். எஸ்எஸ்டிக்கு அந்த முறை நம்பகமானதல்ல. தயாரிப்பாளரின் மென்பொருளிலோ பயாஸிலோ உள்ள செக்யூர் எரேஸ் என்ற முழு அழிப்பு வசதியைப் பயன்படுத்த வேண்டும்.

இப்படிக்கு,
கணினி பழுதுபார்க்கும் வாசகர்,
திருச்சி