மாத்திரை இலவசம், மற்றவை? மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

வணக்கம். 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டின் எட்டு அரசு மருத்துவமனைகளில், எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாக வழங்கப்படத் தொடங்கியபோது, அவற்றுள் ஒன்றாகத் தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை இருந்தது. அந்த மருந்தால் உயிர் பிழைத்த தலைமுறை இப்போது ஐம்பதையும் அறுபதையும் கடந்துகொண்டிருக்கிறது. பெரும்பாலோருக்கு நாளொன்றுக்கு ஒரு மாத்திரை போதும் என்ற நிலையும் வந்துவிட்டது; அதற்கு நாங்கள் ஒரு பைசாவும் கொடுப்பதில்லை என்பதை நன்றியுடனே சொல்கிறேன். எங்களைக் கடனாளியாக்குவது அந்த மாத்திரையைச் சுற்றியுள்ள செலவுகள்தாம்.

கூலி வேலைக்குப் போகிறவர் இந்த மருந்தை வழங்கும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரும் நாளில் அன்றைய கூலியை இழக்கிறார். தெரிந்தவர் கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே அடுத்த மாவட்டத்து மையத்தில் பதிவு செய்துகொண்டவர்களும் உண்டு. மாத்திரை டப்பாவின் லேபிளைப் பேருந்து நிலையத்திலேயே கிழித்துப் போட்டுவிட்டு, பையில் குலுங்கிச் சத்தம் வராதபடி பஞ்சு அடைத்து வீட்டுக்கு எடுத்துப் போகிறவரிடம், ‘பக்கத்து மையத்துக்கே மாறிக்கொள்ளுங்கள்’ என்று அறிவுரை சொல்வதில் பயனில்லை. வயது கூடக்கூடச் சர்க்கரை, இரத்த அழுத்தம் என ஒவ்வொன்றாகச் சேர்கின்றன. அவற்றுக்கான மருந்து வேறிடத்தில், வேறொரு நாளில் என்றால் இன்னொரு நாள் கூலியும் போகிறது. அரசு ஆய்வகத்தில் ஒரு பரிசோதனைக் கருவி பழுதாகிவிட்டால், அந்தப் பரிசோதனையை வெளியில் எடுத்து வரும்படி ஒரு சீட்டு கிடைக்கிறது.

இதற்குத்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்று சொல்லப்படலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகாத குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு தரும் நல்ல திட்டம்தான் அது. ஆனால் படுக்கையில் சேர்க்கப்பட்டு அறுவை சிகிச்சை போன்ற பெரும் சிகிச்சை பெறுகிறவரை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. வாழ்நாள் முழுவதும் புறநோயாளியாகவே வந்துபோகிற எங்களுக்கு, மருந்தைத் தவறவிட்டு உடல்நிலை மோசமான பிறகுதான் அது கைகொடுக்கும்.

ஆகவே, புறநோயாளிச் செலவுக்கும் பயணத்துக்குமென மாதந்தோறும் ஒரு தொகையை வழங்க வேண்டும் என்று கேட்கிறோம். தொகையைவிட அது வந்துசேரும் வழி எங்களுக்கு முக்கியம். கிராம நிர்வாக அலுவலரிடம் காரணம் சொல்லி மனுக் கொடுக்க வேண்டியிருந்தால், இத்தொகை யாருக்கு மிகவும் தேவையோ அவர்களே கேட்க வரமாட்டார்கள். ஏ.ஆர்.டி. மையத்தின் பதிவு எண்ணையே சான்றாகக் கொண்டு, பாஸ்புக்கில் நோயின் பெயர் வராத பொதுத் தலைப்பில் அது வரவு வைக்கப்பட வேண்டும். நோய்நிலை குறித்த விவரங்கள் காக்கப்பட வேண்டும் என்பதோடு, நலத்திட்டங்கள் எளிதில் கிடைக்க மாநில அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் கூறுகிறது.

எச்.ஐ.வி.யால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்காக அறக்கட்டளை அமைத்து, 25 கோடி ரூபாய் வைப்பு நிதியின் வட்டியைக் கொண்டு அவர்களுடைய கல்விக்கும் ஊட்டச்சத்துக்கும் உதவிவருகிற அரசுக்கு இது புதிய பாதையன்று. அந்தக் குழந்தைகளும் 18 வயதானபின் எங்கள் வரிசையில்தான் வந்து நிற்கிறார்கள். துறையின் அடுத்த மானியக் கோரிக்கையில் இதற்கெனத் தனி ஒதுக்கீடு செய்யுமாறும், அதுவரை சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளையாவது ஏ.ஆர்.டி. மையத்திலேயே அதே நாளில் வழங்க ஆணையிடுமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கூட்டு மருந்து உட்கொண்டு வாழும் ஒருவர்