அந்த ஒரு வரியையும் அச்சிடுங்கள்: ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் லேப் நடத்துவோருக்கும், ரிப்போர்ட்டில் கையெழுத்திடும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

நீங்கள் தரும் மாஸ்டர் ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டுகளை நோயாளிகள் என் மேசையில் விரித்துவைக்கிறார்கள். தடித்த எழுத்தில் இருப்பதை மட்டும்தான் காட்டிக் கேட்பார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. இருபது பக்கத்தில் வேறு எதைப் பார்ப்பார்கள்? கல்லீரலில் தழும்பு (ஃபைப்ரோசிஸ்) இருக்கக்கூடுமா என்று காட்டும் 'ஃபிப்-4' என்ற ஒரு வரியையும் அதில் அச்சிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

ஒரு கணக்கு போடுவோம். வயது 55. கல்லீரல் நொதிகளான எஸ்.ஜி.ஓ.டி. 38, எஸ்.ஜி.பி.டி. 36, பிளேட்லெட் ஒன்றரை லட்சம். பெரும்பாலான லேப்களின் அளவுகோலில் எல்லாமே நார்மல். இப்போது வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்குங்கள்: 2,090. பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து (150), எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தால் (6) பெருக்கினால் 900. வகுத்தால் 2.32. இதுதான் ஃபிப்-4. இது 1.3-க்குக் கீழே இருந்தால் கல்லீரலில் முற்றிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு. 2.67-ஐத் தாண்டினால் கல்லீரல் மருத்துவரிடம் போக வேண்டும். நடுவில் நிற்கும் இந்த மனிதருக்குக் கல்லீரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் தேவை. ஆனால் உங்கள் ரிப்போர்ட் அவரை 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பிவிடுகிறது.

தழும்பு ஏற ஏற மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட் மெல்ல இறங்கும். எஸ்.ஜி.பி.டி.யோ முற்றிய நிலையில் தணிந்துகூடப் போகலாம். தனித்தனியாகப் பார்த்தால் இது பிடிபடாது. அல்ட்ராசவுண்டில் 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்' என்று வருவது கொழுப்பின் அளவைத்தான் சொல்கிறது, தழும்பை அல்ல. கிரேடு 1 என்றதும் நிம்மதியாகி, அடுத்த ஐந்து வருடம் எட்டிப்பார்க்காதவர்கள் ஏராளம். பின்னாளில் சிரோசிஸ் (கல்லீரல் முழுக்கத் தழும்பேறிக் கெட்டுப்போவது) வருமா என்பதைக் கொழுப்பைவிடத் தழும்பே அதிகம் தீர்மானிக்கிறது.

கிரியேட்டினினை வைத்து, சிறுநீரகத்தின் வேலைத்திறனைச் சொல்லும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிட்டு அச்சிடுகிறீர்கள். எச்.பி.ஏ.1.சி.யிலிருந்து சராசரி சர்க்கரையைக் கணக்கிடுகிறீர்கள். கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைக்கூடப் பல இடங்களில் நேரடியாக அளப்பதில்லை, கணக்குதான். கல்லீரலுக்கு மட்டும் ஏன் கை வராமல் போகிறது? கூடுதல் ரத்தமோ பரிசோதனை ரசாயனமோ (ரீஏஜென்ட்) வேண்டாம், மென்பொருளில் ஒரு வரி போதும். இதையே 'லிவர் ஃபைப்ரோசிஸ் பேக்கேஜ்' என்று தனி விலைக்கு விற்கத் தொடங்கிவிடாதீர்கள் என்றும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் அச்சிடுங்கள் என்றும் சொல்லவில்லை. இந்தச் சூத்திரம் 2006-இல் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் சேர்ந்து இருந்தவர்களுக்காக உருவானது; கொழுப்புக் கல்லீரலுக்குப் பிறகுதான் வந்தது. 35 வயதுக்குக் கீழே நம்ப முடியாது. 65-ஐத் தாண்டியவர்களுக்குக் கீழ் எல்லையை 2.0 என்று வைக்க வேண்டும், இல்லையென்றால் தாத்தா பாட்டி எல்லோரும் நோயாளி ஆகிவிடுவார்கள். நம் ஊருக்கு இன்னொரு பொறி டெங்கு. அதில் பிளேட்லெட் சரியும், எஸ்.ஜி.ஓ.டி. ஏறும், ஃபிப்-4 எங்கோ போய் நிற்கும். அது தழும்பே அல்ல. ஆகவே காய்ச்சலோடு வந்தவருக்கும் வார்டில் படுத்திருப்பவருக்கும் இந்த வரி வேண்டாம்.

அந்தந்த வயதுக்கான கீழ் எல்லையைத் தாண்டிய எண்ணுக்குப் பக்கத்தில், 'இது நோய் உறுதி அல்ல. மருத்துவரிடம் காட்டவும்' என்று தமிழிலேயே போடுங்கள். சர்க்கரை, உடல்பருமன் உள்ளவர்களுக்கு முதலில் தொடங்கினாலும் போதும். மத்திய அரசு 2021-லேயே கொழுப்புக் கல்லீரலைத் தொற்றாநோய்த் திட்டத்தில் சேர்த்துவிட்டது.

தயக்கம் இருந்தால், உங்கள் கணினியில் கிடக்கும் போன வருட ஹெல்த் செக்கப் ரிப்போர்ட்டுகளில் இந்தக் கணக்கை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். 2.67-க்கு மேல் வருகிறவர்களின் தொலைபேசி எண் உங்களிடமே இருக்கும். கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குடும்ப மருத்துவர்