கிண்ணம் கொஞ்சம் காத்திருக்கட்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. பார்வை தெளிந்த வேகத்தில், மரக்கட்டையைச் சுழலவிட்டு உளியால் வடிவம் கொடுக்கும் கடைசல் இயந்திரம் ஒன்றையும் வாங்கிப் போட்டுவிட்டாயே! பணி ஓய்வு பெற்றவனுக்கு ஓய்வெடுக்க மட்டும் தெரியாது என்று உன் மனைவி அலுத்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. நானும் அதே கூட்டத்தில் சேர்ந்துவிட்டவன் என்பதால் உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கடைசல் பற்றி வேண்டுமானால் சொல்கிறேன்.

எடுத்த எடுப்பில் கிண்ணம் கடையலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கிண்ணத்துக்கான கட்டையில் நார் குறுக்கே ஓடும். அது ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் உளி இரண்டு முறை நாரின் பக்கவாட்டையும் இரண்டு முறை நாரின் வெட்டுமுனையையும் சந்திக்கிறது. கைக்கு ஒரே சீரான எதிர்ப்பு கிடைப்பதில்லை. போதாததற்கு அளவு வேறு. 25 செ.மீ. விட்டமுள்ள கட்டை நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 140 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்று கணக்குப் போட்டுப் பார். கட்டை பெரிதாகப் பெரிதாக வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000 முதல் 9000க்குள் வர வேண்டும் என்பது கடைபவர்கள் கையாளும் கணக்கு. அதன்படி பத்து அங்குலக் கட்டைக்கு 600 முதல் 900 சுற்று. புதியவன் அந்தக் கீழ் எல்லைக்கும் கீழே இருப்பதே நல்லது.

கணு இல்லாத, நேராக நார் ஓடும் கட்டை ஒன்றை எடுத்துக்கொள். ஐந்து செ.மீ. சதுரம், ஒரு முழ நீளத்துக்குள் இருந்தால் போதும். இயந்திரத்தின் இரு முனைகளுக்கு நடுவே அதை இறுக்கி, உருளையாக்கு. உருளையானதும் வரிவரியாகப் பள்ளம் எடு, மணி மணியாக மேடுகளை உருட்டு. பிறகு எல்லாவற்றையும் சீவித் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கு. கட்டை பென்சில் கனத்துக்கு இளைத்ததும் தூக்கி எறிந்துவிடு. பொருள் எதுவும் செய்யாதே. இதைச் சொன்னால் உனக்கு எரிச்சல் வரும், தெரியும். ஆனால் இது அழகாக வர வேண்டும் என்ற ஆசை இருக்கும்வரை கை இறுகியே இருக்கும். எறியப்போகிற கட்டை என்றால் தோள் தானாகத் தளர்ந்துவிடும்.

மற்றத் தச்சு வேலைகளில் மரம் சும்மா கிடக்கும், நாம் உளியை ஓட்டுவோம். இங்கே மரம் ஓடுகிறது. உளியைப் பிடித்திருப்பதுதான் நம் வேலை. எகிப்தில் பெட்டோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறைச் சுவரில், பொ.ஆ.மு. 300 வாக்கில் செதுக்கிய கடைசல் காட்சி ஒன்று இருக்கிறது. ஒருவன் கயிற்றை இழுத்துக் கட்டையைச் சுழற்றுகிறான், இன்னொருவன் உளியைப் பிடித்திருக்கிறான். இந்தத் தொழிலின் இலக்கணம் முழுக்க அந்த இரண்டாவது ஆளிடம்தான் இருக்கிறது. இப்போது கயிறு இழுப்பவனின் இடத்தில் மோட்டார். நீ அந்த இரண்டாவது ஆள்.

பிடிக்கும் விதத்தைச் சொல்கிறேன். உளியை முதலில், கட்டைக்கு முன்னால் இருக்கும் உளிதாங்கியின் மேல் வை; மரத்தின் மேல் அல்ல. கைப்பிடியைத் தாழ்த்தி இடுப்போடு அணைத்துக்கொள். பிறகு, சாணை பிடித்த சாய்வுப் பக்கத்தின் அடிப்பகுதி மட்டும் சுழலும் மரத்தில் உரசும்படி மெல்ல முன்னால் கொண்டுபோ. இப்போது எதுவும் வெட்டுப்படாது. உஸ்ஸென்று ஓர் உரசல் ஓசை மட்டும் கேட்கும். அதைக் கேட்டபடியே கைப்பிடியை மயிரிழை மயிரிழையாக உயர்த்து. ஏதோ ஓர் இடத்தில் ஓசை மாறும்; உளிவாயிலிருந்து மெல்லிய சுருள் ஒன்று எழுந்து உன் கையின் மேலேயே வந்து விழும். அந்த இடத்தில் நிறுத்து. அதற்குமேல் கையை ஆட்டாமல், காலில் உடல் எடையை மாற்றிப் பக்கவாட்டில் நகர். சாய்வு மரத்தில் தங்கியிருக்கும்வரை மரமே உளியைத் தாங்குகிறது. அந்தத் தாங்கல் இல்லாமல் கூர்முனை மட்டும் மரத்தைத் தொட்டால், மரம் உளியைக் கவ்வி இழுத்துக் கட்டையில் திருகுபோல் ஒரு வடுவைப் போட்டுவிடும். சாய்ந்த வாயுள்ள தட்டை உளியில் இது சட்டென்று நடக்கும். அதன் நீண்ட மேல்முனையை மரத்தில் படவிடாமல், வாயின் கீழ்ப்பாதியால் வெட்டிப் பழகு. மணி உருட்டும்போது கண் உளிமுனையில் இருக்க வேண்டாம். கட்டையின் மேல்விளிம்பில், பின்னணிக்கு எதிரே தெரியும் கோட்டைப் பார்த்துக்கொண்டிரு. வடிவம் அங்கேதான் தெரியும். எப்போதும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கியே வெட்டு, நார் பிய்யாது.

இத்தனையும் கூர் இருந்தால்தான். உன் கடிதத்தில் சாணைக்கல் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்குக் கவலை தருகிறது. இயந்திரத்துக்குச் செலவழித்துவிட்டு சாணைக்கு யோசிப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். உளிவாயை வெளிச்சத்தில் திருப்பிப் பார்: அங்கே ஒளிக்கோடு மின்னினால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். கூரான வாய் ஒளியைத் திருப்பி அனுப்பாது. சாய்வின் மேல் மார்க்கர் பேனாவால் மை பூசிக் கல்லில் லேசாகத் தொட்டு எடு. மை எங்கே அழிந்திருக்கிறதோ அங்கேதான் கல் பட்டிருக்கிறது. அதைப் பார்த்துக் கோணத்தைச் சரிசெய்துகொள்ளலாம். சாணை பிடிக்கவே தேவையில்லை என்று சொல்லி விற்கும் கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான வில்லை பதித்த உளிகளும் உண்டு. அவை பெரும்பாலும் சுரண்டும் வேலையைத்தான் செய்கின்றன. அவசரத்துக்கு உதவும், கற்றுக்கொள்ள உதவாது.

சதுரக் கட்டையை உருளையாக்குவதற்கென்று வரும் அகன்ற குழியுளியைக் கிண்ணத்துக்குப் பயன்படுத்தாதே. கைப்பிடிக்குள் நுழையும் அதன் வால் ஒல்லியானது, முறிந்துவிடும்.

கையுறை வேண்டாம், தொங்கும் சட்டைக்கை வேண்டாம், முகம் முழுவதையும் மறைக்கும் தடுப்பு கட்டாயம் வேண்டும். இயந்திரத்தை ஓடவிடும் முன் கட்டையைக் கையால் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிட்டு, விசையைப் போடும்போது அதன் நேர்க்கோட்டிலிருந்து விலகி நில். உப்புத்தாள் போடும் முன் உளிதாங்கியைக் கழற்றி எடுத்துவிடு. தாளுக்குப் பதிலாகத் துணியை விரலில் சுற்றிக்கொள்ளும் பழக்கம் எந்த நாளும் வேண்டாம். முகக்கவசத்தை மறக்காதே. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்திருக்கிறார்கள், வீட்டுத் தூசி என்று நினைத்து உள்ளே இழுத்துவிடாதே.

கிண்ணத்துக்கு வரும் நாளில் பச்சை மரத்திலிருந்து தொடங்கலாம். வெட்டுவது சுகம், தூசியும் பறக்காது. ஆனால் காயும்போது கோணும். அதனால் முதல் கடைசலில் சுவரை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு விட்டுவைத்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, நீள்வட்டமாகிப்போனதை மறுபடி இயந்திரத்தில் ஏற்றி வட்டமாக்குவார்கள். என் அலமாரியில் அப்படிச் சில உலர்ந்துகொண்டிருக்கின்றன. எது பிளக்கும், எது பிழைக்கும் என்று தெரியவில்லை.

சாணைக்கல் வாங்கியதும் எழுது. ஒவ்வோர் உளிக்கும் என்ன கோணம் என்பதை வரைந்தே அனுப்புகிறேன். உன் மனைவிக்கு என் அன்பைச் சொல். வீட்டுக்குள் மரச்சுருள் வந்தால் அதற்கு நான் பொறுப்பல்ல என்பதையும் சேர்த்துச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்