கெஸ்னரின் பெயர் எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில் ஜெர்மானிய இசைமேதை ஜோகான் செபாஸ்டியன் பாக் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை வாசித்தேன். தமிழில் அவரைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுத இடம் கொடுத்ததற்கு முதலில் நன்றி. ஆனால், ஜெர்மனியின் லைப்சிக் நகரில் அவர் கழித்த 27 ஆண்டுகளும் புனித தோமா பள்ளியின் தலைமையாசிரியர்கள் அவருக்கு இடையூறாகவே இருந்தார்கள் என்ற ஒரு வாக்கியம் என்னை மிகவும் வருத்திவிட்டது. ஒரு விடுதிப் பள்ளியில் 31 ஆண்டுகள் பாடகர் குழுவை நடத்தி ஓய்வுபெற்றவன் நான். ஐந்து தலைமையாசிரியர்களின் கீழ் வேலை பார்த்தவன். அப்படி ஒரு வாக்கியத்தை வாசித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் இயலவில்லை.

பாக் 1723இல் அந்தப் பள்ளிக்கு இசையாசானாக வந்தது முதல் 1750இல் இறக்கும் வரை அங்கே ரெக்டர், அதாவது தலைமையாசிரியர், பதவியில் இருந்தவர்கள் மூவர். கட்டுரையாளரோ எர்னெஸ்தி என்று ஒரே ஒருவரைத்தான் சொல்கிறார். அதிலும் இரண்டு எர்னெஸ்திகளை ஒருவராக்கிவிட்டார். முதலாமவர் ஜோகான் ஹைன்ரிக் எர்னெஸ்தி. 1684 முதல் 45 ஆண்டுகள் பதவியில் இருந்து 1729இல் முதுமையில் காலமானவர். மற்றவர் ஜோகான் ஆகுஸ்ட் எர்னெஸ்தி; 1734இல் தம் 27ஆம் வயதில் ரெக்டர் ஆனவர். பாக்குடன் மோதியவர் இந்த இளையவர்தான். இவ்விருவருக்கும் நடுவில், 1730 முதல் 1734 வரை அந்தப் பள்ளியை நடத்திய ஜோகான் மத்தியாஸ் கெஸ்னரின் பெயர் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. என் வருத்தமெல்லாம் அதைப் பற்றியதுதான்.

கெஸ்னர் 1691இல் நியூரம்பெர்க்குக்கு அருகே ரோத் என்ற ஊரில் ஒரு போதகரின் மகனாகப் பிறந்தவர். இளமையிலேயே தகப்பனை இழந்து, வறுமையில் படித்து, யேனா பல்கலைக்கழகத்துக்குப் போனவர். 1715இல் வைமார் நகரில் பள்ளித் துணைத் தலைவராகவும் நூலகராகவும் சேர்ந்தார். அப்போது அதே நகரின் அரசவையில் பாக் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். 1717 வரை அங்கேதான் இருந்தார். அந்த அறிமுகம் ஏறத்தாழ பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் லைப்சிக்கில் தொடர்ந்தது. வைமாரில் பழைய கோமகன் இறந்து புதியவர் வந்ததும் கெஸ்னர் நூலகப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 1729இல் அன்ஸ்பாக் பள்ளிக்குப் போய், மறு ஆண்டே லைப்சிக்குக்கு அழைக்கப்பட்டார். மேலிடத்தின் மனமாற்றத்தால் வேலை போவது எப்படியிருக்கும் என்று அனுபவித்து அறிந்த ஒருவர், அதே ஆண்டு நகர மன்றத்தின் அதிருப்திக்கு ஆளாகியிருந்த இசையாசானின் பள்ளிக்குத் தலைவராக வந்து சேர்ந்தார்.

அந்த 1730ஆம் ஆண்டு எத்தகையது என்பது தாங்கள் அறியாததல்ல. ஆகஸ்டு மாதத் தொடக்கத்தில் மன்றம் கூடி, பாக் கடமையைச் செய்வதில்லை என்று குறைகூறி, அவருடைய வருமானத்தைக் குறைக்க முடிவு செய்தது. அதே மாதம் 23ஆம் தேதி பாக் மன்றத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அதில் தம் மாணவர்களைக் கணக்கெடுத்து, 17 பேர் பாடத் தகுந்தவர்கள், 20 பேர் இனிமேல்தான் தேற வேண்டியவர்கள், 17 பேர் எதற்கும் உதவாதவர்கள் என்று பிரித்துக் காட்டினார். இந்தச் சிறுவர்களைக் கொண்டுதான் அவர் ஞாயிறுதோறும் நான்கு தேவாலயங்களுக்குப் பாடகர்களை அனுப்ப வேண்டியிருந்தது. அக்டோபரில் பழைய நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், மேலிடத்தாருக்கு இசையில் நாட்டமில்லை, ஊரில் சாவு குறைந்தால் தமக்குக் கிடைக்கும் அடக்க ஆராதனைப் பணமும் குறைந்துவிடுகிறது, வேறு ஊரில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தார். கட்டுரையாளர் தம் கூற்றுக்குச் சான்றாகக் காட்டுவது இந்தக் கடிதத்தைத்தான். கெஸ்னர் பொறுப்பேற்றது செப்டம்பரில். அவர் வந்த சில வாரங்களுக்குள் எழுதிய கடிதத்தை அவருக்கு எதிரான சாட்சியாக நிறுத்துவது எந்த வகையில் நியாயம்? மேலும் பாக் கடைசிவரை லைப்சிக்கை விட்டுப் போகவே இல்லை.

கெஸ்னர் மன்றத்துடன் பேசி, பாக்கின் பிற வேலைச் சுமையைக் குறைக்கவும், பிடித்து வைத்த வருமானத்தைத் திரும்பப் பெற்றுத் தரவும் முயன்றார். நெரிசலும் நோயும் மிகுந்திருந்த பழைய பள்ளிக் கட்டடத்தின் மேல் இரண்டு மாடிகள் எழுந்ததும் அவர் காலத்தில்தான். அதே கட்டடத்தில் குடியிருந்த பாக் குடும்பம் வேலை நடந்த காலத்தில் வேறு வீட்டில் தங்கியிருந்தது. 1732 ஜூன் 5ஆம் தேதி நடந்த திறப்பு விழாவுக்கு பாக் ஒரு கேண்டாட்டா, அதாவது வாத்தியங்களோடு பாடும் பல பகுதிப் பாடல், எழுதினார். அதன் சொற்கள் இன்றும் இருக்கின்றன, இசை தொலைந்துவிட்டது. மறு ஆண்டு பாக்குக்கு ஒரு மகன் பிறந்தபோது, ஞானப்பெற்றோராக நின்றவர்களில் கெஸ்னரின் மனைவியும் ஒருவர். இடையூறாக இருந்தவரின் வீட்டிலிருந்தா ஞானத்தாயை அழைத்திருப்பார்கள்?

மாடி எழுப்புவதும் சம்பளம் பேசுவதும் இசை வரலாற்றில் எழுதத் தக்கவையா என்று சிலர் நினைக்கலாம். என் அனுபவத்தில் அவற்றைவிட முக்கியமானவை மிகக் குறைவு. எங்கள் பள்ளியில் இரண்டாவதாக வந்த தலைமையாசிரியருக்குச் சுருதியே தெரியாது. ஆனால் விடுதிப் பையன்களின் இரவுச் சாப்பாட்டை அரை மணி நேரம் தள்ளிவைத்து, பயிற்சிக்கென்று ஒரு நேரத்தை உண்டாக்கித் தந்தார். இருமல் பிடித்த பையன்களுக்கு வெந்நீர் கிடைக்கிறதா என்று தாமே சமையற்கட்டுக்குப் போய்ப் பார்ப்பார். அவர் இருந்த ஆறு ஆண்டுகளில்தான் நான்கு குரல்களில் பாடும் குழு எனக்கு அமைந்தது. அவருக்குப் பின் வந்தவர் பயிற்சி அறையைப் பழைய மேசைகள் போட்டுவைக்கும் இடமாக்கினார். ஆர்மோனியத்தைத் தாழ்வாரத்துக்கு மாற்றினார். ஒரே மழைக்காலத்தில் அதன் துருத்தி பூஞ்சணம் பிடித்துப் போயிற்று. இரண்டு ஆண்டுகளில் குழு கலைந்தது. பிற்காலத்தில் வெளியான பள்ளி விழா மலரில் என் படம் முழுப் பக்கத்தில் வந்தது. சாப்பாட்டு நேரத்தை மாற்றிய அந்த மனிதரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த மலரை இன்றுவரை என்னால் மகிழ்ச்சியோடு புரட்ட முடியவில்லை. தங்கள் இதழை மூடி வைத்தபோதும் அதே வேதனைதான் எழுந்தது.

இளைய எர்னெஸ்தியையும் நான் வெறுக்கச் சொல்லவில்லை. அவரும் பெரிய மொழி அறிஞர். பாக்கின் மகன்களுக்கு ஞானத் தகப்பனாக நின்றவர். பிடில் பயின்ற மாணவனைப் பார்த்து, நீயும் சாராயக்கடைப் பிடில்காரனாகப் போகிறாயா என்று அவர் கேட்டதாக ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. 1736இல் பாடகர் குழுவின் மாணவத் தலைவனை நியமிப்பது ரெக்டரா, இசையாசானா என்று மூண்ட வழக்கு மன்றம், திருச்சபை மேலாண்மை, மன்னர் வரை போயிற்று. அது நடந்தது உண்மை. இரண்டு ஆண்டுச் சண்டை அது. அதை 27 ஆண்டுகளின் மீதும் விரித்துப் போர்த்துவது முறையல்ல.

கெஸ்னர் 1734இல் லைப்சிக்கை விட்டு, அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்த கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனார். பின்னர் அதன் நூலகத்தையும் வளர்த்தார். பழைய நூல்களைச் சொல் சொல்லாக நிறுத்திக் குடைந்துகொண்டிருக்காமல், மாணவர்கள் ஒரு நூலை முழுமையாக ஓட்டமாக வாசிக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். அங்கிருந்து 1738இல், ரோமானிய நாவன்மை ஆசான் குவிண்டிலியனின் நூலைப் பதிப்பித்தார். பாடுபவன் ஒரே நேரத்தில் யாழையும் மீட்டிக் காலால் தாளமும் போடுவதை வியக்கும் ஓரிடத்தில், நீளமான இலத்தீன் அடிக்குறிப்பு ஒன்றைச் சேர்த்தார். பாக்கைப் பார்த்திருந்தால் இதையெல்லாம் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டீர் என்று அந்தப் பழைய ஆசானிடமே பேசுகிறார். கைகளும் கால்களும் ஆர்கன் என்னும் தேவாலய இசைக்கருவியில் தனித்தனியே ஓட, முப்பது நாற்பது பேரையும் ஒருவனைத் தலையசைப்பால், ஒருவனைக் காலடித் தாளத்தால், ஒருவனை விரலை நீட்டி மிரட்டுவதால் வழிக்குக் கொண்டுவரும் பாக்கை, பக்கத்தில் நின்று பார்த்த கண்ணோடு வரைகிறார். அதற்கு முந்தைய ஆண்டுதான் ஹாம்பர்க் இதழ் ஒன்றில் பாக்கின் இசை சிக்கலானது, இயல்பற்றது என்று அச்சாகியிருந்தது. பாக் இசை நடத்தும் காட்சியை நமக்கு விட்டுச் சென்றவர் இந்தத் தலைமையாசிரியர். தங்கள் கட்டுரையின் முதல் பத்தியில் வரும் அந்த அழகிய வருணனையும் இந்த அடிக்குறிப்பிலிருந்து எடுத்ததே. எழுதியவர் பெயரைச் சொல்லாமல் அவருடைய சொற்களை எடுத்துக்கொண்டு, இரண்டு பக்கம் தள்ளி அவரையே இடையூறு என்று சொல்லியிருக்கிறீர்கள்.

இது முதல் முறையும் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் தாங்கள் வெளியிட்ட இசைச் சிறப்பிதழிலும் ஆசிரியர்கள், ஆர்கன் பழுதுபார்ப்பவர்கள், விடுதிக் காப்பாளர்கள் யாருமே இல்லை. அப்போது நான் எழுதிய மூன்று பக்கக் கடிதத்திலிருந்து தங்களைப் பாராட்டிய இரண்டு வரிகள் மட்டும் அச்சாயின. அதைக் குறித்து அன்று நான் ஒன்றும் எழுதவில்லை.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தை முழுவதும் விட்டுவிடுங்கள். லைப்சிக் புனித தோமா பள்ளி ரெக்டர், ஜோகான் மத்தியாஸ் கெஸ்னர், 1730 முதல் 1734 வரை என்ற ஒரு வரியை மட்டும் பிழையில்லாமல் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இசையாசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை