பாசி அறுவடை மெம்பிரேன் தொகுதி பற்றிய முறைப்பாடு

பரந்தன்,
கிளிநொச்சி.

விற்பனைப் பிரிவு முகாமையாளர் அவர்களுக்கு,

ஐயா,

நெல் ஊறவைத்த ஆலைக் கழிவுநீரில் வளரும் குளோரெல்லா என்ற நுண்பாசியை உரத்துக்காகப் பிரித்தெடுக்க நீங்கள் பொருத்தித் தந்த மெம்பிரேன் (நுண்துளை வடிகட்டி) தொகுதி (உள்ளே துளையுள்ள வடிநார்கள் அடங்கிய, 5 சதுர மீற்றர் வீதம் இரண்டு குழாய்கள்) சொன்ன வேலையைச் செய்யவில்லை. முதல் நாள் 0.5 பார் அமுக்கத்தில் மணிக்கு 240 லீற்றர் தெளிநீர் வந்தது. ஒன்பதாம் நாள் அதே அமுக்கத்தில் வெறும் 70. “ஒழுங்காகக் கழுவியிருக்கமாட்டீர்கள்” என்று உங்கள் தொழில்நுட்பவியலாளர் தொலைபேசியிலேயே கதையை முடித்துவிட்டார்.

கையேட்டில் உள்ளபடி 30 நிமிடத்துக்கொரு பின்கழுவலும் (தெளிநீரை எதிர்ப்பக்கமாகச் செலுத்திக் கழுவுதல்) கிழமைக்கொருமுறை 200 பிபிஎம் குளோரின் கழுவலும் தவறாமல் நடந்தன. பதிவுப் புத்தகப் பிரதி இணைப்பில் உண்டு. குளோரினுக்குப் பிறகும் 85 லீற்றரைத் தாண்டவில்லை. குளோரினை முழுதாக அலசி வெளியேற்றிவிட்டு (குளோரினும் அமிலமும் கலந்தால் நச்சுவாயு கிளம்பும், கையேட்டில் இந்த எச்சரிக்கைகூட இல்லை) 1 சதவீத சிற்றிக் அமிலத்தை இரண்டு மணிநேரம் சுற்றவிட்டதும் 190க்கு ஏறியது. அமிலத்துக்கு இளகியதால் துளைகளை அடைத்தது பெரும்பாலும் சுண்ணாம்பு. இங்கத்தைய கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் வெள்ளையாய்ப் படிவது வீட்டுக்கு வீடு தெரிந்த விசயம். வெயிலில் பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்ச, தொட்டியின் பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு) 9.5ஐத் தாண்டுகிறது, அப்போது சுண்ணாம்பு பிரிந்து மெம்பிரேனில் ஒட்டுகிறது. கடினத்தன்மை லீற்றருக்கு 420 மில்லிகிராம் என்ற அறிக்கையை விலைமனு கேட்டபோதே தந்தோம். அதைப் பார்த்த பிறகும் அமிலத் தொட்டியைச் சேர்க்காமல் விட்டது யாருடைய பிழை?

அடுத்தது பம்பி. விலைமனுவில் இருந்தது திருகுப் பம்பி. வந்திறங்கியது நிமிடத்துக்கு 2,900 சுற்றுச் சுழலும் மையநீக்கப் பம்பி. 5,000 லீற்றர் 250 லீற்றராக வற்றும்வரை, ஏறக்குறைய 20 மணிநேரம், அதே பாசி திரும்பத் திரும்ப அந்த விசிறிக்குள் அடிபடுகிறது. நாலு மணிநேரத்திலேயே தொட்டியில் நுரை, நுணுக்குக்காட்டியில் உடைந்த கலங்கள். உள்ளிருந்த புரதமும் வழுவழுப்பும் கசிந்து துளைகளை அடைக்கின்றன. இதற்கு அமிலமும் உதவாது.

இரண்டாவது குழாயின் தெளிநீர் பச்சையாக வருகிறது. நீரில் அமிழ்த்திக் காற்றுச் செலுத்தியபோது மூன்று நார்களில் குமிழி வந்தது. துளை 0.05 மைக்ரோன், பாசி 2 முதல் 10 மைக்ரோன். நார் அறாமல் ஒரு கலமும் தப்பாது. அந்தக் குழாயின் மூடி கழன்று நார்கள் காய்ந்திருந்ததைப் பொருள் இறக்கிய அன்றே சிட்டையில் எழுதி உங்கள் சாரதியிடம் கையொப்பமும் வாங்கியுள்ளோம்.

படிகாரம் போட்டால் இதைவிட மலிவாகப் பாசியைப் படியவைக்கலாம். படிகாரத்திலுள்ள அலுமினியம் உரத்தில் சேரக்கூடாதென்றுதான் இவ்வளவு காசு கொடுத்தோம்.

14 நாட்களுக்குள் விலைமனுவில் உள்ள திருகுப் பம்பியையும், பழுதான குழாய்க்குப் பதில் புதியதையும், அமிலக் கழுவல் தொட்டியையும் மேலதிகக் கட்டணமின்றிப் பொருத்தித் தரவும். திருத்திய கையேடு தமிழில் வேண்டும். மீதிக் கட்டணம் அதன்பிறகே. பார்வையிட ஆள் அனுப்புவதானால் பிற்பகல் இரண்டு மணிக்கு, பிஎச் மானியுடன் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
கொள்வனவுக் குழு