குழந்தைப் படம் இல்லாத ஒரு நன்றி மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

ஐவிஎஃப், அதாவது சோதனைக்குழாய்க் குழந்தை வைத்தியம், செய்கிற ஆஸ்பத்திரிகளில் வரவேற்பறைச் சுவர் ஒன்று இருக்கும். முழுக்கக் குழந்தைப் படங்கள், இடையிடையே கையால் எழுதிய நன்றிக் கடிதங்கள். நாலு வருஷமாக அப்படி ஒரு சுவருக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன், கிட்டத்தட்ட எல்லாக் கடிதமும் எனக்கு மனப்பாடம். "எங்களுக்கு நிற்கவில்லை, ஆனாலும் நன்றி" என்று அதில் ஒன்றுகூட இல்லை. நியாயம்தான், அதை யார் ஒட்டுவார்கள். ஆனால் நான் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் நிறையப் பேர், எல்லாம் நல்லபடியாக முடிந்தபிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் சொல்லாமலே போய்விடும்போல் இருக்கிறது. அதனால் இப்போதே எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை, படித்தால் அவரவருக்குத் தெரியும்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: எனக்கு 37 வயது, என் கணவருக்கு 41. வீடு பாளையங்கோட்டையில், வைத்தியம் மதுரையில். 2022ல் முதன்முறை முட்டை எடுத்தபோது 11 கிடைத்தது, அதில் முதிர்ந்தவை 8, கருவானவை 6, ஐந்தாம் நாள்வரை வளர்ந்து ஃப்ரீஸ் செய்ய முடிந்தவை 3. ஒவ்வொன்றாக வைத்தார்கள். முதலாவது நிற்கவில்லை. இரண்டாவதில் பீட்டா, அதாவது கர்ப்பத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை எண், 64 வந்தது, அத்தை கேசரி கிண்டிவிட்டார், இரண்டு நாள் கழித்து இரட்டிப்பாக வேண்டிய எண் 23 ஆகிவிட்டது. மூன்றாவதில் ஒன்றுமே இல்லை. அப்புறம் இன்னொருமுறை முட்டை எடுத்து இரண்டு கரு கிடைத்தது, அதில் ஒன்றை வைத்து அதுவும் போயிற்று. ஆக நாலு. மிச்சம் ஒன்று திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் இருக்கிறது.

முதல் நன்றி ஊசி அக்காவுக்கு. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், எங்களுக்குப் பின்தெரு. கருவை உள்ளே வைக்கிற டிரான்ஸ்ஃபருக்கு ஐந்து நாள் முன்னால் தொடங்கி தினமும், கரு நிற்க உதவும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் ஊசி போட வேண்டும். எண்ணெயில் கரைத்த மருந்து, கெட்டியாக இருக்கும், ஊசியும் தடிமன், சதையில் ஆழமாக இறங்க வேண்டும். நான் போனதும் மருந்துக் குப்பியை வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டு பேச ஆரம்பிப்பார். இன்றைக்கு என்ன குழம்பு, பள்ளிக்கூடத்தில் என்ன கூத்து, தெருவில் யார் வீட்டுத் தண்ணீர்க் குழாய் உடைந்தது. சூட்டில் மருந்து இளகும்வரை பேச்சு ஓடும். நேற்று எந்தப் பக்கம் போட்டோம் என்று மறந்துவிடக்கூடாதென்று, தினசரி காலண்டர் தாளில் அன்றன்றைக்கு 'இ' அல்லது 'வ' என்று எழுதிவைப்பார். நாலு முறைக்கும் சேர்த்து எண்பது ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும். கட்டி கட்டியாக வீங்கினபோது கல்லுப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடத்துக்குக் கொடுத்துவிட்டார். ஒருநாளும் காசு வாங்கவில்லை.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று உண்டு. கரு நின்றால் ஊசியைத் தொடர வேண்டும், நிற்காவிட்டால் அன்றோடு நிறுத்திவிடுவார்கள். ஆகவே ரிசல்ட் அன்றைக்குச் சாயங்காலம் நான் அவர் வீட்டுப் படியேறாவிட்டால் அதுதான் சேதி. போன் பண்ணிக் கேட்டதே இல்லை. மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஒரு தூக்குச்சட்டி இருக்கும், அதில் சொதி. முதல், மூன்றாவது, நாலாவது முறை மூன்றிலும் சொதி வந்தது. இரண்டாவது முறைதான் இரண்டு நாள் கூடுதலாகப் போட்டு, அப்புறம் வந்தது. அக்கா, இனிமேல் கல்யாண வீட்டுப் பந்தியில் சொதி ஊற்றினால் எனக்கு உங்கள் ஞாபகம்தான் வரும், என்ன செய்ய.

பள்ளியில் விலங்கியல் டீச்சருக்கு. பஸ்ஸில் மதுரைக்குப் போய் ஸ்கேன் பார்த்து, மாட்டுத்தாவணியில் ஏறித் திரும்பிவர ஒரு நாள் ஓடிவிடும், ஒரு சுற்றுக்கு இப்படி மூன்று நாலு தடவை. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் பீரியடுகளை எடுத்தார், பதிலுக்குப் பதில் என்று கணக்கு வைக்கவில்லை. மற்றவர்கள் "டீச்சர் ஏன் அடிக்கடி லீவு" என்று கேட்டதற்கு "அவங்க மாமனாருக்கு முட்டுவலி" என்று சொல்லியிருக்கிறார். என் மாமனார் காலமாகிப் பத்து வருஷம் ஆகிறது. பரவாயில்லை.

என் சொந்த அக்காவுக்கு, ஆறு பவுன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து எதற்கு எவ்வளவு என்று கேட்காமல் இருந்ததற்கு. அது இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது, மீட்டுத் தருவேன்.

அத்தையைப் பற்றி எழுதாமல் முடியாது. ஆரம்பத்தில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்பது ஊருக்கே தெரியும். "சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்" என்று எனக்குச் சொன்ன நூறு பேரில் முதல் ஆள் அவர்தான். நானும் இருந்தேன், திருச்செந்தூருக்கும் போனேன். அதில் குறையொன்றும் சொல்லவில்லை, கடற்கரைக் காற்றாவது கிடைத்தது. ஆனால் மூன்றாவது தோற்ற இரண்டாவது வாரத்தில் நாத்தனாருக்கு வளைகாப்பு வந்தது. போகாவிட்டால் பொறாமை என்பார்கள், போனால் யாராவது "வயித்துல புழு பூச்சி உண்டா" என்று கேட்பார்கள். பட்டுப்புடவையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அத்தை உள்ளே வந்து புடவையை வாங்கித் திரும்பப் பீரோவில் வைத்துவிட்டு, "நீ வரவேண்டாம்ளா. உனக்குக் காச்சல்னு சொல்லிட்டேன். பருப்பு வெந்துட்டு, தாளிச்சுச் சாப்பிடு" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அதற்குப்பிறகு எங்களுக்குள் சண்டை வராமல் இல்லை, ஆனால் வேறு மாதிரி சண்டை.

இப்போது டாக்டர் அம்மாவுக்கு வருகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

மூன்றாவது தோற்றபோது நாங்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். கரு ஒட்டும் நேரத்தைக் கண்டுபிடிக்கும் பரிசோதனை, கருப்பையின் உள்சவ்வைச் சுரண்டிவிடுவது, எதிர்ப்புசக்தியை அடக்க ஒரு டிரிப், எல்லாம் சேர்த்து ஒரு தொகை. எதற்கு எதைச் செய்கிறீர்கள் என்று கேட்டால் "எல்லாத்தையும் பண்ணிடலாம் மேடம், மனசுக்கு நிம்மதியா இருக்கும்" என்றார்கள். அந்தத் தொகையில் எங்கள் நிம்மதி எப்படி வரும் என்று தெரியவில்லை. மறுத்துவிட்டு நாலாவதுக்குப் போனோம், அதுவும் தோற்றபிறகுதான் இரண்டாவது கருத்து கேட்க இந்த அம்மாவிடம் போனது.

ஃபைல் முழுவதையும் முதல் பக்கத்திலிருந்து படித்தார். நாற்பது நிமிஷம். பிறகு சொன்ன முதல் வார்த்தை: "ஏன் நிக்கலைன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிக்கவும் மாட்டேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை எல்லாரும் ஒரு காரணம் சொல்லியிருந்தார்கள்: மனக்கவலை, ஆட்டோவில் போனது, பப்பாளி, மாடிப்படி.

அப்புறம் அந்தத் தாளில் இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். சவ்வைச் சுரண்டுவதைப் பல நாடுகளில் 1,364 பெண்களிடம் சோதித்து 2019ல் முடிவு வெளியிட்டார்கள், சுரண்டியவர்களுக்கும் சுரண்டாதவர்களுக்கும் குழந்தை பிறந்த விகிதம் ஒன்றேதான், 26.1 சதவீதம். நேரம் பார்க்கும் பரிசோதனைக்கு 2022ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது, நேரம் பார்த்து வைத்தவர்களில் குழந்தை பிறந்தது 58.5 சதவீதம், வழக்கம்போல் வைத்தவர்களில் 61.9. "ரெண்டுமே உங்களை மாதிரி நாலு தடவை தோத்தவங்களை மட்டும் வச்சுப் பண்ணினதில்ல, அதையும் சொல்லிடறேன். ஆனா இவ்வளவு காசு வாங்கறதுக்கு ஆதாரம் போதாது" என்றார். டிரிப்புக்கும் அதே பதில். 4ஏஏ என்று நல்ல கிரேடு போட்ட கரு எப்படித் தோற்கும் என்று நான் சண்டைக்குப் போவதுபோல் கேட்டேன். "தேங்காயத் தட்டிப் பாத்து வாங்கறோம், ஒடச்சாத்தான தெரியும். கிரேடு வெளியில பாக்கறது. உள்ளே குரோமோசோம் எண்ணிக்கை சரியா இருக்கான்னு அதுல தெரியாது. வயசு 35 தாண்டத் தாண்ட அந்தத் தப்பு கூடும்." நாலு வருஷத்தில் என் கருப்பையைத் திட்டாமல் விளக்கம் சொன்ன முதல் ஆள்.

எதைச் செய்யலாம் என்பதற்கு அவர் போட்ட பட்டியல் சின்னது, விலையும் குறைவு. தைராய்டு திரும்பப் பார்த்தோம், தைராய்டைக் காட்டும் டிஎஸ்எச் எண் கொஞ்சம் கூடுதலாக 4.1 இருந்தது, மாத்திரை தொடங்கியாயிற்று. இருவருக்கும் குரோமோசோம் பரிசோதனை, இருவருக்கும் சரி. ரத்தம் உறையும் கோளாறுக்கான ஆன்டிபாடி இல்லை. ஹிஸ்டிரோஸ்கோபியில், அதாவது கருப்பைக்குள் கேமரா விட்டுப் பார்த்து, ஒரு துணுக்குத் திசு எடுத்தார்கள், நம் ஊர்ப் பக்கம் காசநோய் கருப்பையில் ஒளிந்திருப்பதுண்டு என்பதால் அதற்கும் அனுப்பினார்கள், அது இல்லை. சிடி138 சோதனையில் மட்டும் பிளாஸ்மா செல்கள் தெரிந்தன, அதாவது உள்சவ்வில் வெளியே தெரியாத நாள்பட்ட அழற்சி. 14 நாள் டாக்சிசைக்ளின், பிறகு மறுபடி சோதனை, இப்போது இல்லை. "இதுதான் காரணம்னு சத்தியம் பண்ணமாட்டேன். சரிபண்ணிட்டு வைக்கறது நல்லது, அவ்வளவுதான்" என்றார். எனக்கு அது போதும்.

நாலாவது தோற்றபோது தானாக போன் பண்ணிய லேப் தம்பிக்கும் நன்றி. எம்ப்ரியாலஜிஸ்ட், அதாவது லேபில் கருவை வளர்த்துப் பார்த்துக்கொள்கிறவர், என்றால் கண்ணாடிக்குப் பின்னால் பச்சை உடுப்பில் பெயரும் பிறந்த தேதியும் கேட்கிற ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். உருக்கியபிறகு கரு எப்படி இருந்தது, எத்தனை மணிக்கு விரிந்தது என்று தன் குறிப்பைப் பார்த்து வாசித்துக் காட்டி, "எங்க பக்கம் தப்பு இருக்கான்னு திரும்பத் திரும்பப் பாத்தேன்க்கா, கிடைக்கல" என்றார். குரல் உடைந்துதான் இருந்தது.

இனி என்ன என்று கேட்பவர்களுக்கு. மூன்றாவது தடவை முட்டை எடுக்கப் போவதில்லை. என் உடம்பும் அவர் சம்பளமும் சேர்ந்து எடுத்த முடிவு. தானம் பெற்ற முட்டை என்ற யோசனையும் வந்தது, மூன்று மாதம் பேசினோம். 2021ம் வருஷச் சட்டப்படி ஒரு பெண் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் கொடுக்கலாம், ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக்கூடாது. அதைப் படித்ததிலிருந்து அந்த ஏழு முட்டையைக் கொடுக்கிற பெண்ணின் முகம் எனக்குள் வந்து நின்றுகொண்டது, நகரவில்லை. எடுத்துக்கொள்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, எங்களுக்கு ஒத்துவரவில்லை.

மிச்சமிருக்கும் ஒன்றை வைப்போம். எனக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறது என்பதால் உள்சவ்வை வளர்க்கும் ஹார்மோன் மாத்திரை இல்லாமல் இயற்கையான சுழற்சியிலேயே. கூடவே தத்தெடுக்க, மத்திய அரசின் தத்தெடுப்பு அமைப்பான காராவில் பதிவும் செய்துவிட்டோம். அது முடிந்தபிறகு இது என்று வரிசைபோட்டால் வயது காத்திருக்காது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை என்றால் கணவன் மனைவி வயதைக் கூட்டினால் 85க்குள் இருக்க வேண்டும், எங்களுக்கு 78, காத்திருப்போ வருஷக்கணக்கு. ஆவணங்களைச் சரிபார்க்க உதவிய மாவட்ட அலுவலக மேடம், "ரெண்டு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்க பத்தி யோசிச்சிருக்கீங்களா" என்று கேட்டார். யோசித்ததே இல்லை. வரும் வழியில் இரண்டு பேரும் பேசவில்லை, வீட்டுக்கு வந்தும் பேசவில்லை, ராத்திரி பதினோரு மணிக்கு அவர் இருட்டில் "நாலு வயசுன்னா எல்கேஜி போவும்லா" என்றார். இந்த மடலில் அவருக்கு நன்றி அந்த ஒரு வரிக்கு மட்டும். மற்றதெல்லாம் வீட்டுக்குள்.

போன வாரம் ஊசி அக்காவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். இந்தத் தடவை எண்ணெய் ஊசி கிடையாது, உள்ளே வைக்கிற மாத்திரைதான், நடுவில் முட்டை வெடிக்க ஒரே ஒரு ஊசி. அவருக்கு முகம் வாடிவிட்டது. கொஞ்சநேரம் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அந்த ஒண்ணையாவது இங்க வந்துதான் போடணும், கேட்டியா" என்றார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.