ஓய்வுக்காலமா? யாருக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுப் பணியிட மாற்றம் பற்றிய சென்ற இதழின் சிறப்புப் பக்கங்களைப் படித்தேன். எத்தனை கிலோ கொண்டுபோகலாம், எந்தப் பெட்டி உடையாது என்பதெல்லாம் அழகாகவே வந்திருந்தது. கடைசிப் பத்தியில் ஒரு வரி: "உடன் செல்லும் மனைவிக்கு இது நீண்ட ஓய்வுக்காலம், பொழுது போகாவிட்டால் லேப்டாப்பில் பழைய வேலையையே தொடரலாம்." ஒரு வாக்கியத்துக்குள் இத்தனை தவறுகளை அடுக்கவும் ஒரு திறமை வேண்டும்.

முதலில் அந்த லேப்டாப். பல நாடுகளின் விசா விதியில், சம்பளம் எந்த ஊர்க் கணக்கில் விழுகிறது என்பது பெரிதில்லை; வேலை செய்பவர் எந்த மண்ணில் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் கேள்வி. வேலை உரிமை இல்லாத டிபென்டன்ட் விசாவில் (உடன் செல்லும் குடும்பத்தாருக்கான விசா) இருந்துகொண்டு பழைய நிறுவனத்துக்கு வேலை பார்த்தால், அடுத்த நீட்டிப்பின்போது அதுவே வினையாகலாம். பழைய நிறுவனமும் தப்பாது. அந்த நாட்டில் வரி, சமூகப் பாதுகாப்புப் பிடித்தம் என்று புதிய கடமைகள் அதன் தலையில் விழக்கூடும். தொண்டு வேலைதானே என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மற்றவருக்குக் கூலி கொடுத்துச் செய்விக்கும் வேலையைச் சும்மா செய்தாலும் அதை 'வேலை' என்றே கணக்கில் எடுக்கும் நாடுகள் உண்டு.

தாங்கள் அறியாததல்ல, ஆனாலும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்தாருக்குத் தரும் ஹெச்-4 விசாவில் இருப்பவர்களில் ஒரு பகுதியினர்தான், அதுவும் 2015 முதல்தான், வேலை அனுமதி அட்டை கேட்கமுடிகிறது. ஹெச்-1பி வைத்திருப்பவருக்காகப் போட்ட ஐ-140 என்ற கிரீன் கார்டு மனு ஏற்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அவர் ஆறாண்டு வரம்பைத் தாண்டி நீட்டிப்பு பெற்றிருக்க வேண்டும். அதே ஊழியர் எல்-1 விசாவில் (ஒரே நிறுவனத்துக்குள் மாற்றலாகிறவர்களுக்கானது) போனால் கதையே வேறு. 2021 நவம்பரிலிருந்து அவருடைய துணைக்குத் தனி அட்டை தேவையில்லை. நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவில், எல்-1 ஊழியரின் துணை என்பதற்கான எல்-2எஸ் குறியீடு இருந்தால் அதுவே சான்று. அந்த 'எஸ்' விடுபட்டுப்போவதும் நடக்கிறது. இறங்கிய அன்றே பதிவிறக்கிப் பார்த்துவிட வேண்டும், வேலை கிடைத்த பிறகு பார்த்தால் சேரும் தேதி தள்ளிப்போகும். எந்த விசா என்பதை அலுவலகம் தன் வசதிக்குத் தேர்ந்தெடுக்கிறது. துணையின் தொழிலும் அந்த மேசையிலேயே முடிவாகிவிடுகிறது. அந்த மேசைக்கு அவரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்தாவதற்கு முன்பே அவரிடம் தனியாகப் பேசுங்கள் என்று இடமாற்றக் கோப்புகளைப் பார்க்கும் எங்களைப் போன்றவர்கள் கத்திக்கொண்டே இருக்கிறோம். நடப்பது என்ன? மூட்டை கட்டும் ஆட்கள் வாசலில் நிற்கும்போதுதான் அவருக்கு முதல் மின்னஞ்சல் போகிறது.

காகிதங்களைப் பற்றித் தங்கள் கட்டுரை "தேவையான சான்றிதழ்கள்" என்று இரண்டே சொல்லில் முடித்துக்கொண்டது. திருமணச் சான்றிதழில் உள்ள பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகவேண்டும். இனிஷியலை விரித்து எழுதியதிலேயே மாதக்கணக்கில் நின்றுபோகும் கோப்புகள் உண்டு. பிறகு அப்போஸ்டில் முத்திரை, அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்காக அரசு இடும் முத்திரை. 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த பெரும்பாலான நாடுகளுக்கு அது போதும். சேராத நாடுகளுக்குத் தூதரகச் சான்றொப்பம் வரை போகவேண்டும். மொழிபெயர்ப்பு எப்போதும் முத்திரைக்குப் பிறகுதான். அவசரப்பட்டு முன்பே செய்தால், முத்திரையின் வாசகம் மொழிபெயர்ப்பில் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள், செலவு இருமடங்கு. மருத்துவர், செவிலியர் போன்றவர்களுக்கு அவரவர் கவுன்சில் தரும் நன்னடத்தைச் சான்றிதழ் வேண்டும். பிரிட்டனின் மருத்துவக் கவுன்சில் அதை மூன்று மாதத்துக்கு மேல் ஏற்பதில்லை. எனவே எல்லாவற்றையும் முதலிலேயே வாங்கிவைப்பதும் சாமர்த்தியம் ஆகாது. பட்டச் சான்றிதழ், மதிப்பெண் விவரம், அனுபவக் கடிதங்கள் கப்பலில் போகும் பெட்டிக்குள் போகவே கூடாது, கைப்பையில்தான்.

வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும். மின்கட்டண ரசீதிலும்தான். அது இல்லாவிட்டால் துணைக்கு முகவரிச் சான்று கிடையாது. சான்று இல்லாமல் வங்கிக் கணக்கு இல்லை, சில ஊர்களில் சிம் கார்டுகூட இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் என்று காப்பீட்டு நிறுவனத்தை அழைத்தால், "உறுப்பினர் தான் பேசவேண்டும்" என்பார்கள். துணையும் பேசலாம் என்று ஊழியர் எழுத்துமூல அனுமதி ஒன்றை முதல் வாரத்திலேயே கொடுத்துவைத்தால் இந்தத் தொல்லை தீர்ந்தது.

பணம் கொடுக்கிறோமே என்பார்கள். கொடுக்கும் விதத்தைப் பாருங்கள். துணைக்கான உதவித்தொகையை ஊழியரின் சம்பளத்தோடு மொத்தமாகச் சேர்த்தால் பல இடங்களில் அதற்கு வரி போகும், மிச்சம் சோபாவாக மாறும். படிப்பு, உரிமத் தேர்வு, மொழி வகுப்பு இவற்றின் ரசீதுக்கு நேராகக் கொடுப்பதே பலன் தரும். அதிலும் ஆறு மாதக் கெடு! வீடு, பள்ளி, மருத்துவர் என்று அலைந்து துணைக்கு மூச்சு வரும்போது கெடு முடிந்திருக்கும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதமாவது வேண்டும். மொழி வகுப்பிலும் இதே கஞ்சத்தனம்தான். ஜெர்மன் மொழியின் ஏ1 என்ற தொடக்கநிலைத் தேர்வுக்கு 45 நிமிட வகுப்புகள் 80 முதல் 200 வரை தேவை என்று கோத்தே நிறுவனமே சொல்கிறது. இருபது மணி நேரம் வாங்கித் தந்துவிட்டு "பயிற்சி அளித்தோம்" என்று படிவத்தில் டிக் அடிப்பவர்களுக்கு என்ன சொல்ல? அந்த வகுப்பும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத காலை வேளையில்.

'மனைவி' பற்றியும் சொல்லியாக வேண்டும். கணவர்களும் உடன் செல்கிறார்கள், ஐயா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்கள் இதழ் இதே தலைப்பில் எழுதியபோது, ஜன்னலோரம் காபிக் கோப்பையோடு ஒரு பெண் படம். இம்முறையும் அதே படம், கோப்பை மட்டும் பெரிதாகியிருக்கிறது. அப்போது அனுப்பிய கடிதத்தை வெட்டி, வாழ்த்துச் சொன்ன முதல் இரண்டு வரியை மட்டும் பிரசுரித்தீர்கள். நன்றி.

கட்டுரையை மாற்றி எழுதச் சொல்லவில்லை. நாடுகளின் அட்டவணையில் சிங்கப்பூர் வரியை மட்டும் திருத்துங்கள். டிபென்டன்ட் பாஸ் வைத்திருப்பவர் அனுமதிக் கடிதம் வாங்கி எங்கும் வேலைக்குச் சேரலாம் என்று போட்டிருக்கிறீர்கள். 2021 மே 1 முதல் அது செல்லாது; வேலைக்குச் சேர அவருக்கென்று தனி வேலை பாஸ் வேண்டும். இந்த நேரத்தில் யாரோ ஒருவர் தங்கள் அட்டவணையை நம்பி ராஜினாமாக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கலாம். அடுத்த இதழில் இரண்டு வரி போதும், கண்ணில் படும் இடத்தில்.

இப்படிக்கு,
பணியிட மாற்றப் பிரிவில் வேலைபார்க்கும் ஒரு சந்தாதாரர்